தெற்குக் காற்றாடி சுற்றும் பக்கம்

அலுவலகத்துப் பிள்ளைகள் மூன்று பேர் போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டுமாம்.

“சேர், கம்பியூட்டர் வர முந்தி எல்லாத்தையும் கையாலதானே கீறினீங்க? அந்தக் கஷ்டத்தைப் பற்றி எழுதுங்கோ” என்றாள் ஒருத்தி.

கஷ்டமா? முப்பத்தொரு வருடம் மின்விசிறிக்குக் கீழே இருந்து படம் கீறினேன். அதற்குச் சம்பளமும் தந்தார்கள். இதைக் கஷ்டம் என்று எழுதினால் என் மனைவி ரீற்றா மலரை வாசித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரிப்பாள். ஆகவே பிள்ளைகள் கேட்டதை நான் எழுதவில்லை. ஓய்வு பெற்ற பின் பென்சிலால் கீறிய ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன். பால்மா டின் மூடி அளவுதான் அந்தப் படம். ஆனால் என் முப்பத்தொரு வருடத் தொழிலுக்கும் சோதனை வைத்தது அதுதான். கட்டுரையோடு படத்தையும் அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். அச்சுக்குப் போக முன் யாராவது கம்பியூட்டரில் போட்டு அந்த இடத்தை நிரப்பி அழகாக்கிவிட வேண்டாம். ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். அப்பா துறைமுகத்தில் கிளார்க். எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றால் கிரேன்களின் தலை தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சுமார், சித்திரம் நன்று. மருதானையில் இரண்டு வருடம் படவரைஞர் படிப்பு, பிறகு துறைமுகத்துக்கு வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை. அளவைப் படகு தினமும் கடலில் போய் எந்த இடத்தில் எத்தனை மீற்றர் ஆழம் என்று அளந்து எண்களைக் கொண்டுவரும். அந்த எண்களை, அடியில் இருப்பது ஊடாகத் தெரியும் ட்ரேசிங் தாளில் உரிய இடத்தில் எழுதி, ஒரே ஆழமுள்ள இடங்களைக் கோட்டால் இணைப்பது எங்கள் வேலை. அந்தப் படத்தை நம்பித்தான் கப்பல் உள்ளே வரும்.

எங்கள் தலைமைப் படவரைஞர் ஹமீட் சேர். மருதானைக்காரர். வெள்ளைச் சேர்ட், சட்டைப் பையில் ஒரு நீலப் பென்சில், கையில் ஒரு பூதக்கண்ணாடி. அவர் நடந்தால் செருப்புச் சத்தமே கேட்காது. நாம் கீறிக்கொண்டிருப்போம், திடீரென்று தோளுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்கும். கையில் இருக்கும் மைப் பேனை அந்த நேரத்தில் நடுங்காமல் இருந்தால் அவன் மனிதனே இல்லை. நன்று என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, ஏசியதும் இல்லை. சந்தேகமான இடத்தில் நீலப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

“இது கண்டதா, நெனச்சதா?”

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மூன்று கட்டங்கள் இருக்கும். அளந்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர். மூன்றாம் கட்டத்தில் ஹமீட் சேர் தன் பெயரின் முதல் எழுத்தை மையால் போட்டால்தான் படம் அறையை விட்டு வெளியேறும். போடும்போதும் முகத்தில் ஒரு மாற்றமும் இராது. அந்த ஓர் எழுத்துக்காக நாங்கள் நாட்கணக்கில் காத்திருப்போம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நான் ஒரு திருகுதாளம் செய்தேன். ஒரு படத்தில் ஆழக்கோடு ஒன்று அழகாக வளைந்து வந்து, நடுவில் ஒரு விரற்கடை அளவுக்கு அறுந்து, அப்பால் மீண்டும் தொடங்கியது. இடையில் எண்கள் இல்லை. படகு போன நாளில் அந்த இடத்தில் ஒரு பார்ஜ், தட்டையான சரக்குப் படகு, நங்கூரமிட்டு நின்றிருக்கிறது. எனக்கோ அந்த அறுந்த கோட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு முனையும் எங்கே போய்ச் சேரும் என்று கண்ணுக்கே தெரிந்தது. ஒரே இழுப்பில் இணைத்துவிட்டேன். நல்ல வளைவு. எனக்கே என் கையை முத்தமிட வேண்டும்போல இருந்தது.

பெருமூச்சு கேட்டது. நீல வட்டம் விழுந்தது.

“இந்த எடத்துல யாரு அளந்த?”

“ஒருத்தரும் இல்ல சேர். ஆனா கோடு இப்பிடித்தானே போகோணும்.”

“அப்ப நெனச்சது.”

அன்றைக்கே என்னை அளவைப் படகில் ஏற்றி அனுப்பினார். பார்ஜ் போய்விட்டிருந்தது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, வெயிலில் கருகி, நான்கு இடத்தில் அளந்து வந்தேன். வேடிக்கை என்னவென்றால் என் கோடு சரி. கீறிய இடத்திலேதான் அந்த ஆழம் இருந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு எண்களைக் கொடுத்தேன். ஹமீட் சேர் பார்த்தார், தலையசைத்தார்.

“சரியாத்தான் நெனச்சிருக்கீங்க பீற்றர். ஆனா நெனச்சது. பழைய கோட்டச் சொரண்டிட்டுப் புதுசாக் கீறுங்க.”

பிளேட்டால் சுரண்டினேன். அதே இடத்தில் அதே கோட்டை மீண்டும் கீறினேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பைத்தியக்கார மனிசன் என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை எந்தப் படத்திலும் நான் ஒரு வெற்றிடத்தை நிரப்பியதில்லை.

ஓய்வு பெறுகிற வருடம் ஒரு தொலைகாட்டி என் கைக்கு வந்தது. தூர்வாரும் கப்பலில் வேலை செய்த வெளிநாட்டு இஞ்சினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, இது விமானத்தில் ஏறாது என்று எனக்குத் தந்துவிட்டுப் போனார். வாய் எட்டு அங்குலம். குட்டையான தடித்த குழாய். உள்ளே இரண்டு பிரதிபலிக்கும் கண்ணாடிகள். பின்னால், கழுத்தை முறிக்காமல் குனிந்து பார்க்க வசதியாக ஒரு முழங்கைத் துண்டு, அதற்குள் இன்னொரு தட்டைக் கண்ணாடி. இந்த மூன்றாவது கண்ணாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோனேன்.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து மேற்கே கடல், கிழக்கே, காலி நகருக்குப் போகும் காலி வீதி. நிலாவும் சனியும் வியாழனும் நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு ஆசை முழுவதும் ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தின் மேல். பழைய வானியல் பட்டியல் ஒன்றில் எண்பத்துமூன்றாம் இலக்கம். தெற்குக் காற்றாடி என்று செல்லப்பெயர். திருவிழாவில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு ஓடும் காற்றாடிபோல நடுவில் ஒரு குமிழும் அதைச் சுற்றி வளைந்த கைகளும். ஒன்றரைக் கோடி ஒளியாண்டு தொலைவு. எங்கள் நாட்டு வானத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் தெற்கே நல்ல உயரத்துக்கு வரும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்தில் புகைக்குள் கிடக்கும் என்று வாசித்து எனக்கு அளவில்லாத சந்தோஷம். கம்பியூட்டரில் அதன் புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். ஆனால் கொழும்பு வெளிச்சத்தில் அது வெறும் வெளுப்பாகக்கூடத் தெரியவில்லை. இரண்டு வருடம் தேடினேன்.

அப்போதுதான் மின்வெட்டுக் காலம் வந்தது.

நாடே சபித்தது. சபிக்கத்தான் வேண்டும். எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. ரீற்றா கேக் செய்பவள். கொட்டாஞ்சேனை தொடக்கம் கிருலப்பனை வரை பாதிக் கலியாணங்களுக்கு அவள் கேக்தான். ஒவன் கரண்டில் ஓடுவது. வெட்டு எப்போது, எவ்வளவு நேரம் என்று அட்டவணை பார்த்து, பட்டர் அடித்து, மூன்று மணிக்கே எழும்பிக் கேக் சுட்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்று நானும் முகத்தைத் தொங்கவிட்டு “சீ, என்ன நாடு” என்று சொல்லிக்கொள்வேன். உள்ளே எனக்குக் கொண்டாட்டம். முதல் கிழமைகளில் காலி வீதிக் கடைகளின் ஜெனரேட்டர்கள் இரைந்தன. பிறகு டீசல் இல்லாமல் அவையும் ஒவ்வொன்றாக வாயை மூடின. ஓர் இரவு மொட்டை மாடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளவத்தைக்கு மேல் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன.

“உங்கட முகத்தில ஒரு சிரிப்பு தெரியுது” என்றாள் ரீற்றா, மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்து. “எனக்கு ஒவன் நிண்டா உங்களுக்கு வானம் ஓடுது, என்ன?”

நான் ஏணிப்படிக்கு நழுவினேன்.

சித்திரை மாதம் ஒரு நாள், இரவு ஒன்பது மணியளவில், அது கிடைத்தது. டோர்ச்சுக்கு ரீற்றாவின் கேக் பெட்டியில் சுற்றும் சிவப்புத் தாளைச் சுற்றியிருந்தேன், கண் இருட்டுக்குப் பழகியது கெடாதிருக்க. தெற்குச் சிலுவையிலிருந்து மேலே ஏறி, நட்சத்திரம் நட்சத்திரமாகத் தாண்டி, குழாயை மெல்ல நகர்த்தினேன். கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு வட்டமான மங்கல் உள்ளே வந்தது. நேரே பார்த்தால் கரையும், கொஞ்சம் விலகி ஓரக்கண்ணால் பார்த்தால் மீண்டும் வரும். நடுவில் ஒரு பிரகாசமான புள்ளி. சுற்றிலும் வெளிச்சப் பூச்சு. நான் அழுதேன். உண்மையைச் சொல்வதற்கு என்ன வெட்கம்?

பால்மா டின் மூடியை வைத்து வட்டம் போட்டேன். பால்மா கிடைக்காத நாட்களில் அந்த மூடிக்காவது ஒரு வேலை இருந்தது. முதலில் நட்சத்திரங்கள், ஒன்பது, ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்து. பிறகு நடுப்புள்ளி. பிறகு பென்சில் தூளை விரலால் தேய்த்து அந்த மங்கல். அதற்குள் இரண்டு சுருள் கைகள். மூலையில் பழக்க தோஷத்தில் மூன்று கட்டம் கீறினேன். அளந்தவர் என்ற இடத்தில் கண்டவர் என்று போட்டு என் பெயர். வரைந்தவர், அதுவும் நானே. சரிபார்த்தவர், காலி.

ஒரு கிழமைக்குள் படத்துக்குப் பிரேம் போட்டு, ரீற்றா ஐசிங் செய்யும் மேசைக்கு நேர் மேலே மாட்டினேன். வேறு சுவரில் ஆணி இறங்கவில்லை. அவள் தினமும் அதன் தூசியைத் தட்டினாள். வானத்தில் இருக்கும் சாமானைப் பார்க்க மேலே வா என்று கூப்பிட்டால் மட்டும், “கீழ இருக்கிற சாமானுக்கே கரண்ட் இல்ல” என்பாள்.

மூன்றாம் கட்டம் காலியாகக் கிடந்தது எனக்கு உறுத்தியது. ஹமீட் சேருக்கு எண்பது தாண்டிவிட்டது, மருதானையில் மகளோடு இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேமைக் கழற்றி, படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். கூடவே ஒரு புகைப்படமும், என் வட்டத்தின் அளவுக்கே வரும்படி அச்சடித்தது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து அவரை அசத்துவதுதான் என் திட்டம். அவர் வாயால் ஒரு நாளும் கேட்காத ஒரு வார்த்தையை அன்று கேட்டே விடுவது.

அவர் மெலிந்திருந்தார். சட்டைப் பையில் நீலப் பென்சில் அப்படியே இருந்தது. மேசையில் இரண்டையும் விரித்தேன். பூதக்கண்ணாடியை எடுத்தார். என்னுடைய கைகளும் புகைப்படத்தின் கைகளும் ஒரே பக்கமாகச் சுருண்டிருந்தன. அச்சொட்டு. நான் புன்னகையோடு காத்திருந்தேன்.

“சாமானுக்குள்ள எத்தின கண்ணாடி?” என்றார்.

“குழாய்க்குள்ள ரெண்டு சேர். பின்னால முழங்கைக்குள்ள ஒண்டு.”

“மூணு. ஒத்தை எண்.” பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். “ஒத்தையெண்டா இடம் வலம் மாறுமே பீற்றர். முகம் பாக்குற கண்ணாடி மாதிரி.”

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு ட்ரேசிங் தாள் எடுத்தார். ஓய்வு பெற்று இருபது வருடத்துக்குப் பிறகும் வீட்டில் ட்ரேசிங் தாள் வைத்திருக்கும் மனிதரிடம் நான் எந்தத் துணிச்சலில் போனேன் என்று தெரியவில்லை. புகைப்படத்தின் மேல் தாளை வைத்து ஒன்பது நட்சத்திரங்களையும் புள்ளியிட்டார். சுருள் கைகளை நீலத்தால் ஒற்றினார். தாளைத் தூக்கி என் படத்தின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் நட்சத்திரங்கள் பொருந்தவில்லை. பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தார். ஒன்பது புள்ளியும் ஒன்பது நட்சத்திரத்தின் மேல் போய்க் குந்தின. நீலக் கைகள் மட்டும் என் கைகளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றின.

அவர் கேள்வியைக் கேட்கவே இல்லை. நானே சொன்னேன்.

“நட்சத்திரம் கண்டது சேர். கை ரெண்டும் நெனச்சது.”

“ஓ” என்று தலையசைத்தார். “அங்க கை இரிக்கி, அது உண்மை. ஆனா நீங்க காணல்ல.”

அறுபத்திரண்டு வயதில் எனக்குக் காது மடல் சுட்டது. நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தேன், விரலால் தேய்த்தேன், அந்த விரல் புகைப்படத்தைக் கீறிவிட்டது. இரண்டு வருடம் நான் அதற்குக் கொடுத்த தீனி அது. ஹமீட் சேரின் மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் படத்தைச் சுருட்டி என்னிடம் தந்தார். மூன்றாம் கட்டம் காலி.

“மழக்காலம் வர முந்தி இன்னொருக்காப் பாருங்க” என்றார். “நானும் இரிக்கணுமே.”

கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ரயிலில் வரும்போது எனக்கு அது மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கெடு இரண்டு. ஒன்று அவர் வயது. இன்னொன்று மழை. வைகாசி நடுவில் தென்மேற்கு மேகம் ஏறிவிட்டால் வானம் மாதக்கணக்கில் அடைத்துவிடும். அடுத்த வருடம் கரண்ட் வந்து கொழும்பு பழையபடி வெளிச்சமாகிவிட்டால் எனக்கு அந்தக் காற்றாடி இல்லை. வெட்டு நேரத்தையும் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வந்தார்கள். நாடே மகிழ்ந்தது, நான் ஒருவன் மட்டும் அட்டவணையைப் பார்த்து வயிறெரிந்தேன்.

ரீற்றாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கம். படத்தைப் பழையபடி பிரேமில் போட்டு, ஐசிங் மேசைக்கு மேல் மாட்டிவிட்டேன். இனிமேல் இருட்டான ஓர் இரவு கிடைத்தால் தெரிவதை மட்டும் கீறுவது என்று முடிவு செய்தேன். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். கைகள் எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் பக்கமாகத்தானே தெரியும்? பன்னிரண்டு இரவு மேலே ஏறினேன். ஏழு நாள் மேகம். மற்ற ஐந்து நாளும் மங்கல் தெரிந்தது, கைகள் தெரிந்தனவா இல்லையா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. வெறும் வட்டங்களோடு இறங்கி வந்தேன்.

பதின்மூன்றாம் நாள் மாலை ஒரு மழை கொட்டித் தீர்த்தது. இரவு எட்டரைக்கு வானம் கழுவி விட்டதுபோல இருந்தது. அப்போது அட்டவணையில் இல்லாத ஒரு வெட்டு. தெரு முழுவதும் “ஐயோ” என்றது. நான் இரண்டு படியாகத் தாவி ஏறினேன். காற்றாடியை வட்டத்துக்குள் கொண்டுவந்து நட்சத்திரங்களைப் புள்ளியிட்டு முடிக்கும்போது படியில் காலடி கேட்டது.

ரீற்றா. கைகளில் ஒவன் உறைகள். இருட்டிலும் அவள் கோபம் தெரிந்தது.

“இருபது நிமிசம் இருந்தா வெந்திருக்கும்! நடுவில அமுங்கிப்போச்சு. நாளைக்கு ஞானஸ்நானக் கேக். கீழ ஒரு மனுசி இருட்டுக்குள்ள குந்திக்கொண்டு ஒவனைப் பார்த்து அழுறா, நீங்க இஞ்ச...”

“இதில இரு” என்று கதிரையைத் தள்ளினேன். “ஒருக்காப் பார். பிறகு ஏசு.”

என்ன நினைத்தாளோ, உறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள்.

“ஒண்டும் தெரியேல்ல.”

“நேரா பார்க்காத. கொஞ்சம் விலத்தி, ஓரக்கண்ணால பார்.”

“இந்த வயசில ஓரக்கண்ணால பார்க்கச் சொல்லுறீங்க.” ஆனாலும் பார்த்தாள். பிறகு குரல் மாறியது. “ஆ... ஐசிங் சீனி கொட்டுப்பட்டுக் கிடக்கு. நடுவில ஒரு பொட்டு.”

வேறு என்ன என்று கேட்க வாய் எடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். கேட்டால் நான் நினைப்பதை அவளுக்குள் தள்ளிவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு கடற்பக்கம் திரும்பி நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

“இஞ்சேருங்கோ” என்றாள் ரீற்றா. “நீங்க பிரேம் போட்டு மாட்டின படம் பிழை எல்லோ?”

நான் திரும்பினேன். “என்ன பிழை?”

“அது நான் ரோஜாப்பூ ஐசிங் சுத்துற பக்கம் சுத்துது. நெடுக அதைப் பார்த்துத்தானே நான் வேலை செய்யிறன். இது மற்றப் பக்கமா எல்லோ போகுது.” கையை நீட்டி இருட்டில் ஒரு வளைவு போட்டுக் காட்டினாள். அவள் கை பழகாத பக்கமாக.

“ஹமீட் சேர் உனக்கு போன் எடுத்தவரா?”

“அவர் ஏன் எனக்கு எடுக்கப்போறார்? எனக்குக் கண் இல்லையா? வெள்ளைக்குள்ள வெள்ளை பார்க்கிறதுதானே முப்பது வருசமா என்ட தொழில்.”

நான் அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டேன். “விசரா உங்களுக்கு!” என்று தள்ளிவிட்டாள். நட்சத்திரங்கள் போட்ட தாளையும் பென்சிலையும் சிவப்பு டோர்ச்சையும் அவள் மடியில் வைத்தேன். எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி எந்த நட்சத்திரத்தடியில் முடிகிறது என்று மீண்டும் மீண்டும் குனிந்து பார்த்து, சுருளின் ஒரு கையை மெல்லக் கீறி, சின்னவிரலால் தேய்த்தாள். பிறகு பென்சிலை நீட்டினாள்.

“மற்றக் கை?” என்று கேட்டுவிட்டேன். பழைய புத்தி.

“மற்றப் பக்கம் ஒண்டும் தெரியேல்ல. தெரியாததை நான் எப்பிடிக் கீறுறது?”

நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. எனக்கு ஓர் ஈயக்குண்டும் ஒரு பிளேட்டும் ஒரு பகல் பட்டினியும் தேவைப்பட்ட பாடம் இவளுக்குப் பிறவியிலேயே இருந்திருக்கிறது. பிறகு நான் குனிந்து பார்த்தேன். அந்தக் கை எனக்கும் தெரிந்தது, எதிர்ப்பக்கமாக, மங்கலாக, அழகாக. ஆனால் அது ரீற்றா சொன்ன பிறகு. மேற்கிலிருந்து மேகம் ஏறிக் காற்றாடியை மூடியது. சற்று நேரத்தில் கீழே காவற்காரர் “மாத்தயா, லைட் ஆவா!” என்று, கரண்ட் வந்த செய்தியைச் சிங்களத்தில் கத்தினார். தெரு கைதட்டியது. நாங்கள் இருவரும் கண் கூச ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அமுங்கிய கேக்கை அன்று இரவே பாலில் குழைத்துச் சாப்பிட்டோம். ஞானஸ்நானத்துக்கு அவள் விடிய முன் எழும்பி வேறு கேக் சுட்டாள்.

அடுத்த ஞாயிறு மருதானைக்கு இரண்டு பேரும் போனோம். ரீற்றாவின் மடியில் ஒரு பெட்டி. ஹமீட் சேர் புதிய படத்தை விரித்து, பழைய ட்ரேசிங் தாளைக் கவிழ்த்து வைத்தார். நட்சத்திரங்கள் பொருந்தின. ஒரு நீலக் கை ரீற்றாவின் பென்சில் தேய்ப்பின் மேல் படுத்துக்கொண்டது. மற்ற நீலக் கைக்குக் கீழே வெள்ளைத் தாள்.

“கண்டதா, நெனச்சதா?”

“கண்டது சேர்” என்றேன். “ஆனா நான் இல்ல.”

மூலையைக் காட்டினேன். கண்டவர், ரீற்றா. வரைந்தவர் என்ற இடத்தில் இரண்டு பேரின் பெயர். ஹமீட் சேர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ரீற்றாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் தடவினார், நீலப் பென்சிலைத் தொட்டுவிட்டு விட்டார். “மகள், மைப் பேனை ஒண்டு கொண்டு வாங்க” என்றார். பேனை வந்தது. மூன்றாம் கட்டத்தில் அந்த ஓர் எழுத்தைப் போட்டார். நன்று என்று அப்போதும் சொல்லவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

ரீற்றா பெட்டியைத் திறந்தாள். வட்டக் கேக். மேலே வெள்ளை ஐசிங்கில் தெற்குக் காற்றாடி, அவள் கை பழகாத பக்கமாகச் சுற்றி. அந்தத் திருப்பம் சரியாய் வர அவள் மூன்று நாள் பழகினாள். நடுவில் குமிழ், வளைந்த கைகள் இரண்டும் முழுமையாக.

ஹமீட் சேர் பூதக்கண்ணாடியை எடுத்துக் கேக்கின் மேல் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். எனக்குப் பழையபடி முதுகு கூசியது.

“படத்துல கை ஒண்டுதான் இரிக்கி. இதுல ரெண்டு. இது கண்டதா, நெனச்சதா?”

“இது தின்னுறது, சேர்” என்றாள் ரீற்றா.

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவரிடம் இத்தனை வருடத்தில் நான் காணாத சிரிப்பு.

“அப்ப அந்த நெனச்ச கையில எனக்கொரு துண்டு வெட்டுங்க” என்றார்.